வைண்டிங் கடை

எதிர்க்கடைப் பலகையில்
'உங்கள் மகிழ்ச்சியே எங்கள் லாபம்'.
உள்ளே சுற்றுவது அலுமினியம்.
சித்திரைக்குச் சித்திரை
கருகின மோட்டாரை டெம்போவில் போட்டு வந்து
அவன் வாங்கித் தரும் டீயைக் குடித்து
சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

நான் காப்பர் சுற்றினேன்
வட்டமலை சென்னியப்பனுக்கு.
ஏழு கோடை.
மனுசன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நேற்று காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் பிடித்து
"மோட்டார் எப்படிங்க ஓடுது?" என்றேன்.
"எந்த மோட்டாருங்க?"
என் முகத்தில் எதையோ தேடினார்.
கிணற்றுக்குள் அப்படி ஒன்று
கிடப்பதே மறந்திருக்கிறது.

ராத்திரி தூக்கம் வராத அளவுக்குச் சந்தோசம்.
விடிந்தால் ஒண்ணாந்தேதி,
கடை வாடகை.

அலமாரியில்
ஒரு கட்டு அலுமினியம் இருக்கிறது,
ஆடியில் வாங்கியது.
இன்னும் பிரிக்கவில்லை.