பத்து நாற்பது, பள்ளத்தூர்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில்
முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பர்.
எந்த வண்டி எப்போது கிளம்பும் என்பது தவிர
ஒன்றும் தெரியாமல்தான் ஓய்வு பெற்றேன்.

முதல் கூட்டத்துக்கு நான்கு பேர்.
கோட்டையூர் நூலகம், ஃபேன் ஓடாத பக்கம்.
எலக்ட்ரீஷியன் சவரிமுத்துவுக்கு எழுபத்திரண்டு வயது.
மைனஸை மைனஸால் பெருக்கினால்
ஏன் பிளஸ் என்று
யாராவது சொல்லியாக வேண்டும் அவருக்கு.
"பள்ளிக்கூடத்துல கேட்டேன். அடிச்சாங்க."
எங்களுக்கும் தெரியவில்லை.
ஆனால் யாரும் அடிக்கவில்லை.

பிறகு பள்ளத்தூரில் ஒன்று,
கல்யாண மண்டபச் சாப்பாட்டுக்கூடத்தில்,
முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து.
புதுவயலில், மில்லுக்கு லோடு வராத மதியங்களில்.
கண்டனூரில், பக்கீர் முகமது வீட்டுக்
கார் இல்லாத கார் ஷெட்டில்.
தேவகோட்டையில் ஆரம்பித்தது
யார் தலைவர் என்ற சண்டையில்
ஒரே மாதத்தில் முடிந்துபோனது.
அதிலிருந்து எங்கேயும் தலைவர் கிடையாது.
வாத்தியார் கிடையாது. டீ உண்டு.

நான்கு ஊரையும் எப்படிச் சேர்ப்பது?
வாட்ஸ்அப் என்றார்கள்.
குட்மார்னிங் ரோஜாக்களுக்கு நடுவே
ஒரு கேள்வியும் உயிர் பிழைக்கவில்லை.
எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.
இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு,
பத்து நாற்பது பள்ளத்தூர் வண்டி,
கண்டக்டர் கையில்.

ஒரு கேள்விக்குப் பதில் எழுது.
ஒரு கேள்வியை எழுது.
அடுத்த வண்டியில் ஏற்றிவிடு.

கணவரின் வட்டிக் கணக்கை
நாற்பது வருஷம் எழுதிய அடைக்கம்மை
பென்சிலால் எழுதியனுப்பினார்:
"மாதம் நூறு கட்ட வேண்டிய கடன்.
மூன்று மாதத்தைத் தள்ளுபடி செய்கிறேன்.
இப்போது உங்கள் கையில் எவ்வளவு மிச்சம்?"
சவரிமுத்து மூன்று தடவை படித்தார்.
"முந்நூறு" என்றார் மெதுவாக.
அப்புறம், "அந்த வாத்தியாருக்கும்
தெரிஞ்சிருக்காது போல" என்றார்.

நோட்டு கனக்க ஆரம்பித்தது.
இன்சுலின் ஊசியை ஏன் தொப்புளைச் சுற்றிப் போடுகிறார்கள்?
பர்மாவுக்கு வடக்கே என்ன இருக்கிறது?
ஓடிபி கேட்பவன் குரல் ஏன் இவ்வளவு மரியாதையாக இருக்கிறது?

புதுவயல் காத்தாயி, நெல் அவித்துக் கை காய்த்தவள்,
எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல எழுதினார்கள்:
"மறந்து போனதெல்லாம் எங்க போகுது?"
கண்டனூர் மூளையின் படம் ஒன்றை வெட்டி ஒட்டியது.
பள்ளத்தூர் திருவாசகத்தில் தேடியது.
கோட்டையூர், அதாவது நாங்கள்,
பக்கத்தைத் திருப்பிவிட்டோம்.

அதற்கடுத்த வாரம் நோட்டு தொலைந்தது.
தொலைத்தது நான்.
பத்து நாற்பதை எப்போதோ
பத்து இருபத்தைந்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.
வழக்கமான இடத்தில் நின்ற வண்டியில்
வழக்கம்போலப் பெயர்ப்பலகை பார்க்காமல் ஏற்றினேன்.
அது புதுக்கோட்டை வண்டி.
பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
ஊர் ஊராக ஃபோன் வந்தபோதெல்லாம்
"வண்டி லேட்டு" என்றேன்.
டைம்கீப்பரை யார் சந்தேகப்படுவார்கள்?

பத்தொன்பதாம் நாள்
டிப்போவிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்து தந்தான்.
காத்தாயியின் கேள்விக்குக் கீழே
யாரென்று தெரியாத கையெழுத்து, பச்சை மையில்:
"மறந்தது பஸ்ஸில் போகிறது.
இது திருமயம்வரை வந்தது.
இங்கே நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம்.
கோட்டைமேல் இருக்கும் பீரங்கியால்
எவ்வளவு தூரம் சுட முடியும்?
பதிலை எந்த வண்டியில் ஏற்றுவீர்கள்?"

புதுவயலுக்கு நானே கொண்டுபோனேன்.
நடந்ததைச் சொன்னேன். வாசித்தும் காட்டினேன்.
காத்தாயி வாய்விட்டுச் சிரித்தாள்.
வெற்றிலையை மடித்தாள்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பதில் இல்லையே.
திரும்ப எழுதுங்க."

எழுதினேன்.
திருமயத்துக்கு ஒன்று பதினைந்து.
இந்தத் தடவை
பலகையைப் படித்துவிட்டு ஏற்றினேன்,
இரண்டு முறை.