கடைசித் தேதி வெள்ளிக்கிழமை

பேர்ணாம்பட்டில் பஸ் ஏறும்போது
இரண்டு கடிதங்களும் ஒரே கவரில் இருந்தன.
அப்பா அதை வெயில் படாமல்
மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்,
ஐஸ்கட்டி மாதிரி.

முதலில், காட்பாடி தாண்டி, சித்தூர் ரோட்டில்
மலையடியில் நூற்றெண்பது ஏக்கர்.
சுற்றிக்காட்ட வந்த மூன்றாம் வருடப் பையன்
விரல் மடக்கிக்கொண்டே நடந்தான்.
பேங்க், சலூன், பல் டாக்டர், பரோட்டா கடை,
செருப்பு தைக்கக்கூட ஒருவர்.
"வெளிய போற வேலையே இருக்காது சிஸ்டர்."
பெருமையாகத்தான் சொன்னான்.

தண்ணீர் சுழன்று சுழன்று புல்லில் விழுந்தது.
மே மாதம். வேலூர். புல்.
அப்பா குனிந்து தொட்டுப் பார்த்தார்,
தோல் பார்த்துப் பழகிய விரலால்,
அசலா என்று.

முப்பது வருடமாக அவருக்கும் ஒரு கேட் உண்டு.
ஆம்பூர் ஷூ கம்பெனியில்
தினமும் ஐந்தே முக்காலுக்கு
டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுத்தான்
வெளியே வருவார்.
கேட் என்றாலே அவருக்குக் கசக்கும்
என்று நினைத்திருந்தேன்.
அவரோ செக்யூரிட்டியிடம் போய்
"எத்தினி மணிக்குப் பூட்டுவீங்க?" என்று
சம்பந்தி வீட்டில் விசாரிப்பது போல விசாரித்து
டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.
"கேட்டு நல்லதும்மா. உள்ள கீற வரைக்கும்
உன்ன ஒருத்தனும் இன்னா ஏதுன்னு கேக்க மாட்டான்."

பாலத்தின் மேல் பஸ் நின்றது.
கீழே மணல், மணலில் ஓர் ஆடு,
ஆட்டுக்குப் பின்னால் கிரிக்கெட்.
பாலாறு வழக்கம்போல
பெயரளவில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கல்லூரிக்கு
கேட் எங்கே என்று தேடினோம்.
ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே
ஒரு மாடிப்படி. அதுதான்.
மைதானம்? "அதான் கோட்ட இருக்குதே" என்றார் கிளர்க்.
நூலகத்துக்குக் கீழே பேக்கரி.
புள்ளியியல் புத்தகத்தைத் திறந்தால்
பன் வேகும் வாசனை.
ஜன்னலுக்கு வெளியே லாட்ஜ் மொட்டைமாடிகள்,
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் சேலைகள்,
ஒரு சின்னச் சட்டை,
வங்காள எழுத்தில் மீன் சாப்பாட்டு போர்டு.
விடுதியம்மா சாவிக்கொத்தை மேசையில் வைத்துச் சொன்னார்:
"ஆறரைக்குப் பூட்டிடுவேன். ஞாயித்துக்கெழம ஆறு."

அங்கேதான் என் கணக்கு குழம்பியது.
சுவர் வைத்த இடத்தில்
ராத்திரி பத்து மணிக்கு நான் தனியாக நடக்கலாம்,
விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு.
சுவரே இல்லாத ஊரில்
பொழுது சாயும்போதே நான் உள்ளே.

ஹஸீனாவுக்கு போன் போட்டேன்.
பீடிக் கட்டு எண்ணிக்கொண்டே பேசுகிறவள் அவள்.
"ரெண்டும் பூட்டுதான்டி. பகல்ல எது தொறந்து கீதுன்னு பாரு"
என்றவள், எண்ணிக்கை தப்பிவிட்டதென்று
என்னைத் திட்டி வைத்துவிட்டாள்.

அப்பா வெள்ளரிப்பிஞ்சு வாங்கப் போனார்.
காந்தி ரோட்டு முனையில் நின்றேன்.
எக்ஸ்ரே கவரோடு ஒரு பெண்,
அவள் விரலைப் பிடித்தபடி மொட்டைத் தலைச் சிறுவன்.
தன் மொழியில் என்னிடம் ஏதோ கேட்டாள்.
'பிளட்' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது.
இந்த ஊருக்கு வந்து எனக்கு
ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.
ஆனால் வரும்போது அந்த போர்டைப் பார்த்திருந்தேன்.
நேரே, பச்சை லாட்ஜ், இடது பக்கம்.
கையாலேயே சொன்னேன்.
பத்தடி போய் அவள் திரும்பிப் பார்த்தாள்,
இதுதானே, என்பது போல.
தலையாட்டினேன்,
பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவள் மாதிரி.

மலையடியில் என்னிடம் யார் வழி கேட்பார்கள்?
அங்கே எல்லாவற்றுக்கும் அம்புக்குறி இருக்கிறது.

மிளகாய்த்தூள் தூவிய பிஞ்சோடு அப்பா வந்தார்.
கவரை வாங்கி
ஒரு கடிதத்தை மட்டும் வெளியே எடுத்தேன்.
எதுவென்று பார்த்தார்.
கடித்ததை மென்று முடிக்கும்வரை பேசவில்லை.

"புல்லு அசலுதாம்மா" என்றார் பிறகு,
காட்பாடிப் பக்கம் பார்த்துக்கொண்டு.