தொண்ணூறுக்குத் தொண்ணூறு

"தங்கை இதை எங்கே கட்டுவாங்க?"
கடைக்காரி முர்வெத் கேட்டாள்.
எளிய கேள்வி.
நான் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பர்சா நகரம், பட்டுக்கூடு விற்ற பழைய சத்திரம்.
மேல்மாடியில் வளைவுக்கு ஒரு கடை.
கீழே முற்றத்து மரத்தடியில்
தேநீர்க் குவளைகளில் கரண்டிகள் கிணுகிணுக்கின்றன.
நான் முதன்யா படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவன்.
நாளுக்கு ஆயிரம் கைகள் பார்ப்பேன்,
முகம் ஒன்றிரண்டு.

நான்கு வருடத்துக்கு முன் என் வீட்டு மேஜையில்
மீன் ஆறிக்கொண்டிருக்க
ஃபெராயே தலையில் புதிதாய்ச் சுற்றியிருந்த துணியைப் பற்றி
ஒரு வார்த்தை சொன்னேன்.
ஒன்றுதான்.
அவள் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பிறகு எடுத்துவிட்டாளாம் என்றான் ஒரு சித்தப்பா மகன்.
இல்லையே, போன மாதம்கூடப் பார்த்தேனே என்றாள்
அவன் மனைவி.
பண்டிகைக்குப் பண்டிகை ஃபோனில் பேசுகிறோம்.
குரலில் தலை தெரியாது.
கேட்கலாம்.
கேட்டால் அது அதே பழைய வார்த்தைதான்,
வேறு சட்டை போட்டுக்கொண்டு.

"எனக்குக் கேள்வி கேட்காத துணி ஒன்று வேண்டும்" என்றேன்.
முர்வெத் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்தாள்.

நீளத் துண்டை நானே தள்ளினேன்:
அது கழுத்துக்கு மட்டும்.
கைக்குட்டை அளவில் ஒன்று:
தலைக்குப் போதாது, அது என் கட்சி பேசும்.
போர்வை போல ஒன்று:
அது மன்னிப்பை ஊரறிய விரிக்கும்.
"அப்படியானால் தொண்ணூறுக்குத் தொண்ணூறு" என்றாள்.
சென்டிமீட்டரில்
என் வீட்டு மேஜையில் பாதி.

"சாட்டின் வேண்டாம், முடிச்சு வழுக்கும்.
இது ட்வில். விரலால் தேய்த்துப் பாருங்கள்,
பல் கடிப்பது போல மெல்லச் சத்தம் வரும்."
வந்தது.
"நடுவில் இருக்கும் பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள்.
மடித்தால் நடு மறைந்துவிடும்,
வெளியே நின்று பேசுவது மூலைதான்."
நான்கு மூலையும் நான்கு நிறமாய் ஒன்றை விரித்தாள்.
மாதுளை. ஆலிவ். ஈரச் சாம்பல்.
நான்காவதற்கு எனக்குத் தெரிந்த பெயர் மயில்கழுத்து.

பிறகு தன் மேலேயே கட்டிக் காட்டினாள்.
கழுத்தில் ஒரு சுருக்கு.
இடுப்பில் பெல்ட்.
கொண்டையில் ஒரு சுற்று, பையின் காதில் ஒரு முடிச்சு.
கடைசியில் தலையில் போட்டு முகவாயின் கீழ் பிடித்தாள்,
பிடித்த வேகத்திலேயே தோளுக்கு நழுவவிட்டாள்.
ஒரு நிமிடத்தில் ஆறு பெண்கள்.
ஆறு பேரிலும் கோபப்பட
எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் சம்பளம்.
பேரம் பேசவில்லை; பேசியிருக்கலாம்.

வாழ்த்து அட்டை மூன்று கெட்டது.
'உன் இஷ்டம் போல' என்று எழுதினேன்,
அனுமதி கொடுக்க நான் யார் என்று கிழித்தேன்.
நான்காவதில் என் பெயர் மட்டும்:
தெஸ்ஜான்.

பன்னிரண்டு நாள் ஒன்றுமில்லை.
கூரியர் ரசீதைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்,
சட்டையோடு துவைத்தும் விட்டேன்.
பதின்மூன்றாம் நாள் ஃபோன்.
"விலைச்சீட்டை எடுக்கவே இல்லை நீ."
"ஐயோ."
"இவ்வளவுக்கா வாங்கினாய்?"
"..."
"சனிக்கிழமை மாலைப் படகில் வருகிறேன்.
கறுப்புப் பெட்டி. எல்லார் பெட்டியும் கறுப்புதான்.
அதனால் கைப்பிடியில் உன் பட்டைக் கட்டியிருக்கிறேன்,
அதைப் பார்த்துக் கண்டுபிடி."

இஸ்தான்புல்லிலிருந்து இங்கே இரண்டு மணி நேரம்.
எங்களுக்கு நான்கு வருடம் பிடித்தது.

சனிக்கிழமை விடுப்புக் கேட்கவில்லை, வாயிலிலேயே நின்றேன்.
படகு மோதி, கயிறு விழுந்து, பலகை இறங்கியது.
கைகள், கைகள், ஒரு கூடைக் கோழி, கைகள்.
பிறகு, இடித்துக்கொண்டு வரும் சக்கரங்களுக்கு மேலே,
காற்றில் ஒரு மூலை.
மாதுளை.

அதற்கு மேலே இன்னும் பார்க்கவில்லை.
பெட்டியை வாங்கக் கையை நீட்டினேன்.
"டிக்கெட் கிழிக்க மாட்டாயா?" என்றாள்.