பெயர் தெரியாது, பழைய வண்ணாரப்பேட்டை

'மொரானென்சிஸ்' என்று எழுதிய குச்சியோடுதான்
கூரியரில் வந்தது.
ஐஸ்கிரீம் ஸ்பூனின் காம்பு, மார்க்கர் எழுத்து.
நானூற்றைம்பது ரூபாய்.

வெண்ணெய் பூசியதுபோல் மினுக்கும் இலை.
கொசு உட்கார்ந்தால் எழாது.
எங்கள் தெருவில் அதைப் பட்டினி போட
யாராலும் முடியாது.

லாரித் தண்ணி ஆகாது, உப்பு.
மாடிவீட்டு ஜெசிந்தா அக்காவின் ஏசி
சொட்டும் இடத்தில் பக்கெட் வைப்பேன்.
"என்னடி, சாராயம் காய்ச்சுறியா?"

பகலில் ஸ்டான்லியில் வேலை, ரத்தக் குழாய்களோடு.
லேபிள் இல்லாததைக் கூடையில் போட்டுவிடுவோம்.
லேபிள் மாறியதை அப்படிப் பிடிக்க முடியாது.
அது சரியானதைப் போலவே இருக்கும்.

மூன்றாம் வருஷம் பங்குனியில் பூத்தது.
ஊதா வரவேண்டும்.
வந்தது வெள்ளை,
உள்ளே ஊதா நரம்பு,
இதழ் நுனியில் எலி கடித்ததுபோல் வெட்டு.
பூவுக்குப் பின்னால் தொங்கும் வாலை
ஸ்கேல் வைத்து அளந்தேன்.
ஆறு மில்லிமீட்டர். போதாது.
எமர்ஜினேட்டாவாக இருக்கலாம்.
அதற்கும் வேறொன்றுக்கும் பிறந்ததாகவும் இருக்கலாம்.

விற்றவனைத் திட்ட போனை எடுத்தேன்.
அப்போதுதான் அந்த டிசம்பர் ஞாபகம் வந்தது.
மாடிப்படிக்குக் கீழே முழங்கால் தண்ணீர்,
நாலு தொட்டியும் மிதக்கின்றன,
குச்சிகள் தனியாக மிதக்கின்றன.
கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
ஒவ்வொன்றாகத் திரும்பக் குத்தியது
நானேதான்.

இதற்குள் இலை கிள்ளி முளைக்கவைத்து
ஐந்து பேருக்குக் கொடுத்திருக்கிறேன்,
அந்தப் பேரோடு.

கொருக்குப்பேட்டை மெகபூபுடையது
போன சித்திரையிலேயே வெந்துவிட்டதாம்.
திருவொற்றியூர் தயாபரன்
தன் பங்குக்கு ஏழு பேருக்குக் கொடுத்திருந்தான்.
அவர்கள் நம்பர் அவனிடம் இல்லை.
ரெண்டு பேர் எடுக்கவில்லை.
எண்ணூர் சௌந்தரவல்லி மட்டும்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
"மோரான்னு கூப்டே பழகிடுச்சுக்கா.
அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

இருக்கட்டும் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.
சரி என்றும் சொல்லவில்லை.

லேபிலிருந்து எடுத்துவந்த ஸ்பிரிட் பஞ்சால்
பழைய எழுத்தைத் துடைத்தேன்.
பென்சிலால் எழுதினேன்,
ஈரத்தில் பென்சில்தான் நிற்கும்.
பெயர் தெரியாது. வெள்ளைப் பூ. வால் ஆறு.
குழாயாக இருந்தால்
இந்நேரம் கூடைக்குப் போயிருக்கும்.

பக்கத்துத் தொட்டிக் குச்சியில்
'அக்னாட்டா' என்றிருக்கிறது,
என் கையால் குத்தியது.
அது இன்னும் பூக்கவில்லை.