தங்கூசி

குளங்களின் ஊரில் கடல் வைத்திருப்பவன்
கனகபுரத்தில் நான் ஒருவன்தான்.
நாலடிக் கண்ணாடித் தொட்டி.
முல்லைத்தீவிலிருந்து மீன் லொறியில்
ஐஸ் பெட்டிகளுக்கு இடையே
ஆறு கானில் வரும் தண்ணீர்.
கான் ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய்.
கடலுக்கில்லை அண்ணை, இடத்துக்கு,
என்பான் சாரதி.

பின்பக்கக் கண்ணாடியில்
ஒரு கல்லை ஒட்டிவைத்தேன், மாசியில்.
இரண்டு குச்சிப் பசையை ஒன்றாய்ப் பிசைந்து
பெருவிரலால் அமுக்கினேன்.
இனி அசையாது என்று
சொன்னதும் நான்தான்,
வந்தவர் போனவர் எல்லோருக்கும்.

டக்.

இரவு ஒன்றரை இருக்கும்.
பல்லி, என்றாள் நிரோஜினி.
மறுநாள், தகரம் ஆறுகிற சத்தம் என்றாள்.
மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை.
லைற்றைப் போட்டேன்.
கதவடியில் செருப்பும் காலுமாய் நின்றாள்,
அடையாள அட்டைகள் இருக்கும் பையை
நெஞ்சோடு பிடித்தபடி.

தொட்டி. அதில் மீன்கள். இந்தப் பக்கம் நாங்கள்.
அதைப்பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

பிறகு வரி மீன் ஒன்று குறைந்தது.
பிறகு இன்னொன்று.
மணலில் ஒரு நத்தை ஓடு
பாக்குவெட்டி வைத்தாற்போல இரண்டாய்க் கிடந்தது.
கல்லுக்குள்ள இருந்து வந்திருக்கும்,
அடிக்கிற இறால், என்றான்
வலைக்கடை அன்ரன் றூபன்.
விட்டால் கண்ணாடியையும் உடைக்கும்.
சிரித்துக்கொண்டே சொன்னான்.

கல்லைக் கழட்டுங்கோ.
இல்லாட்டித் தொட்டியைக் கழட்டுங்கோ.
பதினொரு நாளில்
அவள் என்னோடு பேசியது இவ்வளவுதான்.

கத்தியை நுழைத்தேன், நுனி ஒடிந்தது.
ஸ்குறூ ட்றைவரால் நெம்பினேன்,
கண்ணாடி பல்லைக் கடித்தது.
கையை எடுத்துவிட்டேன்.
எது பசை, எது கல், எது கண்ணாடி?
எல்லாவற்றின் மேலும் ஊதாச் சுண்ணாம்பு படர்ந்து
ஐந்து மாதத்தில்
ஒரே பொருளாகிவிட்டிருந்தது.
ஒட்டத் தெரிந்தவனுக்கு
உரிக்கத் தெரியவில்லை.

பார்த்துக்கொண்டே நின்றவள் உள்ளே போனாள்.
யன்னல் திரை பொத்தென்று விழுந்தது.
அது கோத்திருந்த தங்கூசியோடு வந்தாள்.
கள்ளப்பாட்டில் பிறந்தவள்,
நுனிகளை இரண்டு கரண்டிக் காம்பில் சுற்றினாள்,
ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

நெம்பக் கூடாது. அறுக்க வேணும்.

அந்தப் பக்கம் அவள்.
இந்தப் பக்கம் நான்.
முழங்கை வரை கடல்.
இழுங்கோ. விடுங்கோ.
இழுங்கோ.
அவள் இழுக்க நான் விட,
நான் இழுக்க அவள் விட.
இரண்டு பேரும் இழுத்தால் நூல் நிற்கும்,
இரண்டு பேரும் விட்டால் நழுவும்.
விரலின் கீறலில் உப்பு எரிந்தது.
வெள்ளைத் தூள் புகைபோல எழும்பி
அவள் முகம் தெரியாமல் போயிற்று.
குரல் மட்டும் வந்தது:
மெதுவா. உங்கட பக்கம் சரியுது.

முக்கால் மணித்தியாலம்.
ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவில்லை,
நடந்துவிட்டது.
நான் பிடிக்கவில்லை. அவள்தான் பிடித்தாள்,
அடிக்கண்ணாடிக்கு ஒரு சாண் இருக்க.

கண்ணாடியில் ரொட்டியளவு வெள்ளை வட்டம்.
அதன் நடுவே, உள்ளிருந்து வெளியே பார்த்தபடி,
என் பெருவிரல் ரேகை.

கல்லை வாளியில் வைத்து
குசினிக்குப் பின்னால் வைத்தோம்.
அன்றிரவும் வந்தது.
பிளாஸ்ரிக்கில் சத்தம் வேறு மாதிரி,
கொஞ்சம் பொய்யாக.
எழும்பிப் போனாள், வெறுங்காலோடு.
தொட்டியிலிருந்து காற்று ரியூப்பைக் கழற்றி
வாளிக்குள் போடுகிற சத்தம்,
குமிழிகள் தொடங்குகிற சத்தம்.
காத்தில்லாமச் செத்துப்போகும், என்றாள்
வந்து படுத்து, பாதிப் போர்வையை இழுத்துக்கொண்டு.

விடிய லொறி திரும்பும்போது
வெறும் கான்களோடு ஒரு வாளியும் போகும்.
இடத்துக்கு எவ்வளவு கேட்பானோ.

டக்.

அதுதான், என்றாள்,
பாதி நித்திரையில்.