மாதிரி ஏழு

புர்க்டோர்ஃப் ஸ்டேஷனுக்குப் பின்னால்
தமிழ்க்கடையின் பின்னறை.
முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில்
என் கணினி, என் கதிரை.
சனிக்கிழமைகளில் கலியாணக் கார்ட் அடிக்கிறேன்.

தவமலர் அக்கா வந்தார்,
ஆஸ்பத்திரி லாண்டரியின் நீலச்சட்டையைக் கூடக் கழற்றாமல்.
"மாதிரி ஏழு காணும் தங்கச்சி.
அதிலதான் பிள்ளையார் சின்னனா இருக்கிறார்."

மாதிரி ஏழில் எல்லாம் முன்கூட்டியே உண்டு.
நிகழும் மங்களகரமான,
பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட,
சுற்றமும் நட்பும் சூழ.
யாருக்கும் சொல்லாதீர்கள்,
இரண்டாவது வரியைத்தான் மரண அறிவித்தலுக்கும் வைத்திருக்கிறேன்.
ஒரே கோப்பு.
பூவை மட்டும் மாற்றுவேன்.

ஜெர்மன் பக்கம் ஐந்து நிமிட வேலை.
ஆர்த்திகா, நிரோஜன், நேரம், மண்டபம்,
இரவு பதினொன்றுக்குக் கதவு பூட்டப்படும்.
ஜெர்மனில் யாரும் யாருக்கும் பிள்ளை இல்லை.

தமிழ்ப் பக்கம் அப்படியா?
மாப்பிள்ளை பகுதியில்
திரு, திருமதி, அப்பப்பா, அம்மப்பா,
இளைப்பாறிய அதிபர், சமாதான நீதவான் என்று
பஸ்ஸில் ஏறியதுபோல் நெருக்கியடித்து நின்றார்கள்.
பெண் பகுதியில்
திருவும் திருமதியும் வாய் திறந்து கிடந்தன.

"அமரர் என்று போடவா அக்கா?"
தெரியாமல்தான் கேட்டேன்.

அக்கா சிரித்தார்.
"அமரரோ? லுசேர்னில இருக்கிறார்.
பல்கனியில தக்காளி வளர்க்கிறாராம்.
நாலு வயசில ஒரு பெடியன்."
ஃப்ரீசர் ஒருமுறை உறுமி அடங்கியது.

சரி, தாயின் பெயர் மட்டும்.
அடித்தேன்:
திருமதி தவமலர் சிவஞானசுந்தரம்.

பார்த்ததும் இருவருக்கும் விளங்கிவிட்டது.
ஆள் போகவேயில்லை.
பதினொரு வருடமாகத் தபால்பெட்டியில்,
காப்புறுதி அட்டையில், சம்பளத் தாளில்,
பல்வைத்தியரின் நினைவூட்டல் கடிதத்தில்
குடும்பப்பெயராகக் குந்தியிருக்கிறார்.
வந்திறங்கிய அன்று கந்தோரில் யாரோ
எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல்
எழுதியது.

"அழி."

பின்னாலிருந்து அழித்துக்கொண்டு வந்தேன்.
புள்ளி முதலில் போனது, பிறகு மகரம்.
சுந்தரம் போனது. ஞானம் போனது.
சிவ என்று நின்றபோது
"கொஞ்சம் பொறு" என்றார்.
சாமி பெயராச்சே.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.
"அதையும்."

"திருமதி?"

"அதையும்தான்."

தவமலர்.
இரண்டு பேருக்கு அளவெடுத்த வரியின் நடுவே
தங்க எழுத்தில் அவ்வளவுதான்.
"வெறுமையா இருக்கே அக்கா, கரையில ஒரு பூ வைக்கட்டா?"
"வேண்டாம்.
ஆக்கள் மூச்சுவிட இடம் வேணும்."

கார் விடும் இடம் சேர்த்தோம்.
சைவ உணவு என்பதைச் சேர்த்தோம்.
அன்பளிப்புகள் தவிர்க்கவும் என்பதைச் சேர்த்து,
யோசித்து, எடுத்துவிட்டோம்.

இரண்டு கிழமை கழித்துக் கார்ட் எடுக்க வந்தவர்
பாஸ்மதி மூட்டைமேல் இருந்தபடியே
முதல் உறையை எழுதினார்.
எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தேன்.
திரு. சிவஞானசுந்தரம் குடும்பத்தினர்.
குடும்பத்தினரில் பேனா ஒருகணம் நின்றது.
மை தீர்ந்துவிட்டதென்று நினைத்தேன்.
தீரவில்லை.

"மகள் அனுப்பச் சொன்னவளோ?"
"அவளுக்கு இன்னும் தெரியாது."

கடைக்காரர் முத்திரைத் தாளை நீட்டினார்,
ஏ போஸ்ட்டா, பி போஸ்ட்டா?
"பி போதும். ஆறுதலாப் போகட்டும்."

மிச்சச் சில்லறைக்கு
ஒரு கட்டு வெந்தயக்கீரையை வாங்கிக்கொண்டு
நாலு பத்து பஸ்ஸுக்கு ஓடினார்.