மணிக்கணக்கு

புந்தா அரேனாஸில் நவம்பர் காற்று
ஆளைத் தள்ளும். தள்ளிவிட்டு
மன்னிப்பும் கேட்காது.

பள்ளி மூலையிலிருந்து மருந்துக்கடை வரை
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டுகிறது
எங்கள் தொண்டர் குழு.
பெயர் கொடுத்தது ஒன்பது பேர். வருவது ஐந்து.
தனிட்சா போடும் முடிச்சு மட்டும் அவிழாது;
அவள் அப்பா நண்டுப் படகில் போகிறவர்.

கணக்கில் என்னைப் பெயிலாக்கிய ஆசிரியர்
என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்,
தொப்பியை ஒரு கையால் அமுக்கியபடி.
வணக்கம் சொன்னேன்.
காற்றில் கேட்டிருக்காது.

ரெமிகியோ நோட்டில் குறித்துவந்தான்:
யார் யார், எத்தனை மணி நேரம்.
சான்றிதழுக்கு நாற்பது வேண்டும்.
கையெழுத்து வாங்கப் பக்கத்தைக் கிழித்தான்,
அவ்வளவுதான்.
எங்கள் முப்பத்தொரு மணி நேரமும்
நீரிணைப் பக்கம் பறந்து
நீர்க்காகங்களோடு கலந்தது.

மறுநாள் ரெமிகியோ வரவில்லை.
நான் போனேன், ஏனென்று தெரியவில்லை.
ரொட்டிப் பையோடு ஒரு பெண்
கயிறு முடிகிற இடத்தில் நின்று
அடுத்த கம்பத்தைப் பார்த்தாள்.
அதுவரை இன்னும் கட்டவில்லை.

கையை நீட்டினேன்.
ரொட்டிப் பையைத்தான்
முதலில் கொடுத்தாள்.